மூன்றடிச் சந்து

"அடி வாங்கினதும் எம்பொண்ணு, அவுட்டும் எம்பொண்ணா? இது எந்த ஊரு நியாயம்பா?"

மாணிக்கவாசகம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டார். தாண்டும்போது வேட்டி முள்கம்பியில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. பட்டு நெய்கிறவர் ஆதலால் கிழிகிற சத்தம் எங்கிருந்தாலும் அவர் காதில் விழும். ஆனால் அன்றைக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது பள்ளிக்கூடப் பெண்களின் பேஸ்பால் ஆட்டம். நடந்தது இதுதான். அவர் மகள் காவேரி மட்டையால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, ஃபர்ஸ்ட் பேஸ் என்று சொல்லித் தரையில் போட்டிருந்த வெள்ளை மெத்தையை நோக்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்சர் பெண் அந்தப் பந்தைப் பொறுக்கி, மெத்தையில் நின்றவளுக்கு எறிந்தாள். பந்து முந்திக்கொண்டால் காவேரி அவுட். ஆனால் பந்து போய்ச் சேரவில்லை. வழியில் காவேரியின் முதுகு இருந்தது.

காவேரி சுருண்டு உட்கார்ந்தாள். அம்பயர் ஓடிவந்தார். தண்ணீர் கொடுக்கத்தான் வருகிறார் மனுஷர் என்று மாணிக்கவாசகம் நெகிழ்ந்துபோனார். வந்தவரோ முஷ்டியை உயர்த்தி "அவுட்!" என்றார்.

"அண்ணா, காவேரி குறுக்க வந்துட்டாங்க" என்றாள் கோச் திரிஷா. செவிலிமேட்டுப் பெண். பல்கலைக்கழக அணியில் ஆடியவள். எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு மெதுவாகப் பேசுவாள்.

"குறுக்கயா? எங்க தெருவுல பொறந்தது எதுக்கும் குறுக்க போவாது மேடம்! காலையில வந்து பாரு. தெரு நெடுக பாவ இழுத்துக் கட்டி வெச்சிருப்போம். தவழற கொழந்தகூட அதத் தொடாம ஓரமாத்தான் போவும்."

"பாவுன்னா?"

"பொடவையோட நீள நூலு. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி தெருவுல இழுத்து சரி பண்ணுவோம். ஒரு இழ அறுந்தாலும் வீட்ல சோறு எறங்காது. அந்தத் தெருப் பொண்ணப் பாத்து குறுக்க வந்தான்னு சொல்றியே!"

திரிஷா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் மைதானத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினாள். மட்டை பிடிக்கிற இடத்திலிருந்து மெத்தை வரைக்கும் ஒரு நீளக் கோடு. பாதி தூரம் போனதும் அதற்குப் பக்கத்தில், வெளிப்புறமாக, இன்னொரு கோடு.

"பாதிக்கு மேல இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதாண்ணா ஓடணும். பந்து உள்பக்கமா வரும். ஓடறவங்க வெளிப்பக்கமா போவணும். சந்த விட்டு உள்ள வந்து, பந்து புடிக்கிறவள மறைச்சா அவுட். முதுகுல பட்டுச்சா மூஞ்சில பட்டுச்சான்றதெல்லாம் கணக்கே இல்ல."

மாணிக்கவாசகம் குனிந்து, முழங்கையை மண்ணில் பதித்து, அந்தச் சந்தின் அகலத்தை அளந்தார். சரியாக இரண்டு முழம். இன்னொரு இடத்தில் அளந்தார். அங்கேயும் இரண்டு முழம். அவர் கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"மூணடி! கருட சேவை அன்னிக்கு நம்ம ஊர்ல சாமிக்கே வழி வுடமாட்டான். ஒரு பொண்ணு ஓடறதுக்குன்னு தனியா சந்து போட்டு வெச்சிருக்காங்களே! பந்துக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத யோசிச்சவன் மனுசனே இல்ல மேடம்."

உண்மையிலேயே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சுண்ணாம்பு. அதை நம்பிப் பதினெட்டுப் பெண்கள் முட்டிக்கொள்ளாமல் ஓடுகிறார்களே!

திரிஷாவுக்கு அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"ரூலு நல்ல ரூலுதாண்ணா. காவேரிக்குத்தான் அது வரல. மெத்தையப் பாத்ததும் உள்ள சாஞ்சிடறாங்க. போன மேட்ச்லயும் இதே கததான். ஞாயித்துக்கெழம ஃபைனல். ஜெயிச்சாத்தான் ஸ்டேட்டுக்குப் போவ முடியும். அதுக்குள்ள சரியாவலன்னா அவங்கள உக்கார வெச்சிட்டு வேற பொண்ண எறக்கிடுவேன்."

காவேரிக்கு இது பிளஸ் டூ. பள்ளிக்கூட அணியில் இதுதான் கடைசி வருஷம். மொபெட்டில் வீடு திரும்பும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார் மாணிக்கவாசகம். மகள் அழுதுகொண்டிருந்தாள். முதுகு வலிக்கு அழுகிற பெண் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இவளை நேராக ஓடவைக்காவிட்டால் நான் நெய்கிறவனே இல்லை என்று சபதம் செய்துகொண்டார். அந்த விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்தச் சந்து மட்டும்தான். சபதம் செய்ய அதுவே போதும் என்று தோன்றியது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தார்.

"காவேரி, அது கோடு இல்ல. பாவு. முகூர்த்தப் பொடவப் பாவு. அப்படி நெனச்சிக்கோ."

"ப்பா, அது சுண்ணாம்புப்பா."

"உன் கண்ணுக்கு சுண்ணாம்பு. உன் காலுக்குப் பாவு. கால்கிட்ட சொல்லி வை."

காவேரி அலுத்துக்கொண்டாலும் சாயங்காலம் அப்படியே நினைத்துக்கொண்டு ஓடினாள். அடடா! வேலிக்கு வெளியே நின்ற மாணிக்கவாசகம் வாயைப் பிளந்தார். இழுத்துக் கட்டிய பட்டு இழைக்குப் பக்கத்தில் ஓடுகிறவளாகவே ஓடினாள். சந்துக்குள் இம்மி பிசகவில்லை. பந்து அதன் வழியில் வந்தது, மகள் தன் வழியில் போனாள். மெத்தை வந்தது. மகள் அதைத் தாண்டியும் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். மைதானத்துச் சுவர் வந்த பிறகுதான் நின்றாள்.

"காவேரி! மெத்தைய மிதிக்கணும்!" என்று திரிஷா கத்தினாள். அவள் கத்தி யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அது பாவுக்கு அந்தப் பக்கம் இருக்குது மேடம்! எப்படித் தாண்டறது?"

விஷயம் அதுதான். சந்து கோட்டுக்கு வெளியே, மெத்தை கோட்டுக்கு உள்ளே. கடைசி எட்டில் மட்டும் கோட்டைத் தாண்டி மெத்தையில் கால் வைக்கலாம் என்று ரூல் சொல்கிறது. காவேரியின் கால் முடியாது என்கிறது. பதினேழு வருஷமாகப் பாவைத் தாண்டாத கால். முன்பு உள்ளே சாய்ந்ததற்காக அவுட்டானவள் இப்போது உள்ளே வரமாட்டேன் என்பதற்காக அவுட்டானாள்.

"அண்ணா, நீங்க எதுனா சொன்னீங்களா இவங்ககிட்ட?" என்று திரிஷா கேட்டாள்.

"நானா? ச்சே!" என்றார் மாணிக்கவாசகம்.

அன்று சாப்பிடும்போது அவருக்கு அடுத்த யோசனை பிறந்தது.

"ஏம்மா, தெருவுல பாவுக்கு அந்தாண்ட போவணும்னா நாம இன்னா பண்ணுவோம்?"

"குனிஞ்சு கீழ பூந்து போவோம்."

"அதையே பண்ணு!"

மனைவி தில்லையம்மாள் ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். "அவள ஓட வுடுங்க. நீங்க கொஞ்சம் சும்மா குந்தினு இருங்க, அதுவே போதும்" என்றாள். நல்ல யோசனைகள் அந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான் ரசத்தோடு வந்து ரசத்தோடு போய்விடும்.

மறுநாள் காவேரி காற்றாய்ப் பறந்தாள். சந்துக்குள் சுத்தம். மெத்தைக்கு ஒரு எட்டு இருக்கும்போது சட்டென்று நின்றாள். தலையைத் தாழ்த்தி, பின்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாவுக்கு அடியில் பதவிசாகப் புகுந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து, மெத்தையை மிதித்தாள். அதற்குள் பந்து வந்து, அவளை அவுட்டாக்கி, கேட்சரிடமே திரும்பிப் போய்விட்டது.

மைதானம் உருண்டு புரண்டு சிரித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆனால் பரவாயில்லை. இங்கே குரங்குக்கு வாலும் முளைத்துவிட்டது. காவேரி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வேலிக்கு வந்தாள்.

"ப்பா, குனிஞ்சா வேகம் போவுது."

"ஆமாம்மா."

"வேகத்தோடயே குனியணும். பாய்ஞ்சு, கைய நீட்டி, அடியில வழுக்கிக்கினு போயி தொடணும். உண்மையான பாவு வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

மாணிக்கவாசகத்தின் பாவு ஏற்கெனவே தறியில் ஏறியிருந்தது. எதிர்வீட்டுக் கைலாசத்தின் பாவுதான் சனிக்கிழமை காலையில் தெருவில் நீண்டு கிடந்தது. மாம்பழ மஞ்சள், கல்யாணப் புடவை. கைலாசம் காபி குடிக்க உள்ளே போயிருந்தார். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த பாலாற்று மணல் பாவுக்கு அடிவரை சரிந்து பரவியிருந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? மாணிக்கவாசகம் பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தலையணையைப் போட்டு, அதன் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

"வாம்மா!"

காவேரி தெருக்கோடியிலிருந்து பாவை ஒட்டியே ஓடிவந்தாள். தலையணை நெருங்கியதும் உடம்பைத் தரையோடு தரையாக்கிப் பாய்ந்தாள். மணல் பறந்தது. மஞ்சள் இழைகளுக்கு அடியில் ஒரு நீல டிராக் சூட் வழுக்கிக்கொண்டு போனதைத்தான் அவர் கண்டார். கண் இமைத்துத் திறந்தால் மகளின் உள்ளங்கை தலையணையில் இருக்கிறது. மேலே ஒரு இழை அசையவில்லை. அவள் போன காற்றில்கூட அசையவில்லை.

மாணிக்கவாசகத்துக்குத் தன்னை மறந்துபோயிற்று. இது தன் வீட்டில் பிறந்த பெண்தானா? இந்தத் தெருவில் எத்தனையோ தலைமுறை குனிந்து போயிருக்கிறது. இப்படி ஒருத்தி போய்ப் பார்த்ததில்லை. "ஏகாம்பரநாதா!" என்று தலைக்கு மேல் கைகூப்பியபடி, மணல் விழாமல் கண்ணை மூடிக்கொண்டு, மகளைத் தூக்க ஓடினார்.

நேராகப் பாவுக்குள் ஓடினார்.

பட், பட், பட் என்று அறுந்தது. காபி டம்ளரோடு வெளியே வந்தார் கைலாசம்.

"யோவ் மாணிக்கம்! இன்னாய்யா பண்ற?"

"பேஸ்பாலு" என்றார் மாணிக்கவாசகம், கழுத்தில் மஞ்சள் இழைகளோடு.

"உம்பொண்ணு ஒரு இழையத் தொடல, நானே ஜன்னல் வழியா பாத்தேன். நீதான்யா குறுக்க வந்துட்ட! நீ அவுட்டு! குந்து, குந்தி முடிச்சிப் போடு!"

மத்தியானம் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் மாணிக்கவாசகம் தெருவில் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நின்று கைலாசம் வைதுகொண்டிருந்தார். ஆனால் வைகிற நேரம் போக மிச்ச நேரத்தில், "அந்த ஃபைனலு நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றும் கேட்டுவைத்துக்கொண்டார்.

சாயங்காலப் பயிற்சியில் பாய்ச்சலைப் பார்த்த திரிஷா, "ரொம்ப அவசியம்னா மட்டும் பாய்ங்க காவேரி. கை ஒடஞ்சிடும்" என்றாள். காவேரியின் பெயரை ஆட வேண்டியவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதித் தெரு மைதானத்தில் இருந்தது. எதிரணி வாலாஜாபாத் பெண்கள். பந்து போடுகிறவளைப் பார்த்தாலே தெரிந்தது, லேசுப்பட்டவர்கள் இல்லை. காவேரி இரண்டு முறை மட்டை பிடித்தாள். இரண்டு முறையும் உயரத் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தாள். ஓடுகிற வேலையே வரவில்லை. மாணிக்கவாசகம் நகத்தைத் தின்று தீர்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கைலாசத்தின் துண்டைக் கடிக்க ஆரம்பித்தார்.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். சமமாகவே முடிந்தால் முந்தைய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை வாலாஜாபாத்துக்கு. நம் பெண்களில் இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் நம் பெண்கள் நிற்கிறார்கள். காவேரி முதல் பேஸைப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் எல்லோரும் ஒரு படி நகர்வார்கள், மூன்றாவதில் நிற்பவள் மட்டை பிடிக்கிற இடத்துக்கே திரும்பி வந்து ஒரு ரன் எடுத்துவிடுவாள், கோப்பை நம்முடையது. காவேரி மூன்றாவதாக அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது, எல்லாம் போச்சு.

காவேரி மட்டையோடு வந்து நின்றாள்.

மாணிக்கவாசகம் பந்து போடுகிறவளைப் பார்க்கவில்லை. மட்டையைப் பார்க்கவில்லை. அவர் கண் அந்த இரண்டு முழச் சந்தைவிட்டு அகலவில்லை. 'தாயே காமாட்சி, சந்துக்குள்ளயே போவணும்' என்று உதடு முணுமுணுத்தது. பந்து கேட்சரின் கையுறையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்பயர் ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். காவேரி மட்டையைச் சுழற்றவேயில்லை. என்னத்துக்கு இப்படி மரமாக நிற்கிறாள்?

மறுபடி ஒரு சத்தம். இந்தத் தடவை அம்பயர் ஏதோ சொல்லி, முதல் பேஸ் பக்கம் கையை நீட்டினார். காவேரி மட்டையைப் பூப்போலத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாணிக்கவாசகத்துக்குப் பகீரென்றது. நிற்கிற நேரமா இது!

"ஓடுடீ காவேரி! ஓடு! சந்துல ஓடு!"

தெரு முழுக்கத் தறி ஓடுகிறபோதும் எட்டாவது வீட்டுக்குக் கேட்கிற குரல் அது. காவேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து மிரண்ட கேட்சர் பெண் பந்தை முதல் பேஸுக்கு விட்டெறிந்தாள். திரிஷா தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னவோ கூவினாள். மூன்றாவது பேஸில் நின்ற பெண் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து நடந்து வந்தாள். இந்த நேரத்தில் என்ன திமிர் பார் இவளுக்கு என்று மாணிக்கவாசகம் பல்லைக் கடித்தார். கடித்ததோடு சரி, அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியவில்லை. காவேரி சந்துக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்தக் காட்சியை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். வெள்ளைக் கோடு இரண்டுக்கும் நடுவே, ஒரு கோட்டிலும் சுண்ணாம்பு கலையாமல், மகள் போனாள். உள்பக்கமாகப் பந்து போயிற்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போயின, ஒன்றை ஒன்று தொடவில்லை. மெத்தைக்கு முன்னால் காவேரி மண்ணோடு மண்ணாகப் பாய்ந்தாள். அவள் முதுகுக்கு மேல் ஒரு மஞ்சள் பாவு நீண்டு கிடப்பதை மாணிக்கவாசகம் கண்ணாரக் கண்டார். சத்தியமாகக் கண்டார். ஒரு இழை அறவில்லை. உள்ளங்கை மெத்தையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பந்து கையுறைக்குள் விழுந்தது.

முதல் பேஸ் அம்பயர் கையைத் தூக்கவும் மறந்து சிலையாக நின்றார். அப்புறம் நம் பெண்கள் கூச்சலோடு ஓடிவந்து காவேரியை அள்ளினார்கள்.

"யோவ்! ஜெயிச்சிட்டோம்யா!" கைலாசம் கட்டிப்பிடித்துக்கொண்டார். அறுந்த பாவெல்லாம் அந்த ஒரு கட்டிப்பிடிப்பில் மன்னிக்கப்பட்டது.

மாணிக்கவாசகத்துக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்தது. வேலியைத் தாண்டி, இன்னொரு வேட்டியையும் கிழித்துக்கொண்டு, நேரே அந்தச் சந்துக்குப் போனார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் விபூதிக்கு மேல் சுண்ணாம்பும் ஏறியது.

காவேரி உடம்பெல்லாம் மண்ணோடு வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

"பாத்தியா மேடம்?" என்று திரிஷாவைப் பிடித்துக்கொண்டார் மாணிக்கவாசகம். "மரமா நின்னுக்கினு இருந்தா. நான் மட்டும் கத்தலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"அண்ணா, அது வந்து..."

"ஒரே சத்தம்! அந்த ஒரு சத்தத்துலதான் கப்பு வந்துச்சு. நான் பெருமைக்குச் சொல்லல."

"இல்லண்ணா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லாத மேடம். ஒனக்கும் அழுக வருது, எனக்குத் தெரியும்."

அப்போது யாரோ அவர் முழங்கையைத் தொட்டார்கள். வாலாஜாபாத் கேட்சர் பெண். முகக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன பெண்ணாயிற்றே என்று மாணிக்கவாசகம் அவள் தலையில் பரிவோடு கைவைத்தார்.

"அங்கிள், ஓடு ஓடுன்னு கத்துனது நீங்கதான?" என்றாள் அவள். "அந்தச் சத்தத்துல பயந்துபோயி நானும் எறிஞ்சுட்டேன். நாங்க நாலாவது பந்தையும் தப்பாப் போட்டுட்டோம் அங்கிள், அப்படிப் போட்டா முதல் பேஸ் அவங்களுக்கு சும்மாவே சொந்தம், அதுக்கு மேல எங்களால அவுட்டே பண்ண முடியாது. காவேரி குச்சி ஐஸ் சப்பிக்கினே நடந்து போயிருந்தாலும் நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."